நாலுகோட்டு நோட்டு கேட்கும் தாய்மார்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: தூரிகை

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தெற்கு எல்லையில், கால்வாய்க் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக ஒரு மழலையர் மையம் நடத்தி வருகிறோம். மூன்று வயது முதல் ஐந்தரை வயது வரையுள்ள 26 குழந்தைகள் வருகிறார்கள். தாய்மார்களில் பெரும்பாலோர் வீட்டுவேலைக்கும் அலுவலகங்களில் துப்புரவு வேலைக்கும் செல்பவர்கள். தந்தையர் பெயிண்டிங், கட்டடக் கூலி, சரக்கு ஆட்டோ என்று கிடைத்த வேலையைச் செய்பவர்கள்.

எங்கள் மையத்தில் எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்துவதில்லை. தாழ்வான அலமாரியில் பொருள்கள் இருக்கும். குழந்தை தனக்குப் பிடித்ததை எடுத்து, பாயை விரித்து, வேண்டிய மட்டும் செய்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கும். புளியங்கொட்டையைக் கரண்டியால் ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது, சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, அளவு வாரியாகக் கட்டைகளை அடுக்குவது, பாட்டு, கதை என்று காலைப்பொழுது போகும். மாதக்கணக்கில் யாரிடமும் பேசாமல் மூலையில் நின்ற குழந்தைகள்கூட இப்போது வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.

ஆனால் கடந்த ஜூன் மாதத்திலிருந்து ஏழு குழந்தைகள் நின்றுவிட்டார்கள். எதிர்த்தெருவில் உள்ள தனியார் நர்சரியில் மூன்றரை வயதிலேயே நாலுகோட்டு நோட்டில் ஏ முதல் இசட் வரை எழுத வைக்கிறார்கள்; தினமும் வீட்டுப்பாடம் உண்டு. சென்ற வாரம் ஒரு தாய் என்னிடம், "விளையாடுறதுக்கு எதுக்கு டீச்சர் இங்க அனுப்பணும்? அதை வராண்டாவுலயே விளையாடுவான். எழுதத்தானே அனுப்புறேன்" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாதச் சம்பளத்தில் பெரும்பங்கைப் பிள்ளையின் படிப்புக்கு எடுத்துவைக்கும் ஒரு பெண்ணிடம் 'விளையாட்டே கல்வி' என்று சொல்ல எனக்கு என்ன அருகதை என்றும் தோன்றியது.

குழந்தையை மையமாகக் கொண்ட கல்வி உண்மையில் வசதி படைத்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பொருந்துவதா? நான்கு வயதில் எழுத்து கேட்கும் பெற்றோருக்கு இணங்கலாமா, இணங்கினால் எந்த அளவுக்கு? விலை உயர்ந்த பொருள்கள் இல்லாமல் இதைச் சரியாகச் செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1: உருளைக்கட்டை

தூரிகை அவர்களுக்கு வணக்கம். மான்டிசோரி முறையில் பயிற்சி பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறு குழந்தைகளோடு இருந்தவள் நான். உங்கள் முதல் கேள்விக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. இன்று நம் ஊரில் மான்டிசோரி என்றால் கார் வந்து இறக்கிவிடும் பிள்ளைகளின் பள்ளி என்று பொருளாகிவிட்டது. ஆனால் அந்த முறை பிறந்த இடம் உங்கள் தரைத்தளத்து அறையைப் போன்ற ஓர் அறைதான்.

ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், கட்டடத் தொழில் பெருகிப் பிறகு சரிந்த காலத்தில் அரைகுறையாக நின்றுபோன பெரிய குடியிருப்புகளில் கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அவற்றில் சிலவற்றை ஒரு கட்டட நிறுவனம் வாங்கிச் சீரமைத்தது. அதன் இயக்குநர் எதுவார்தோ தாலமோ. பெற்றோர் வேலைக்குப் போனபின், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் சுற்றித் திரிந்து புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்களைக் கெடுத்தார்கள். சுவரைப் பழுதுபார்க்கும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் பார்த்துக்கொள்ளும் செலவு குறைவு என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நிறுவனம் மரியா மான்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவரை அழைத்தது. 1907 ஜனவரி 6 அன்று, மார்சி தெருவின் 58ஆம் எண் கட்டடத்தில், சுமார் 50 குழந்தைகளோடு முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது. கல்விப் புரட்சி எதையும் அந்த நிறுவனம் நினைத்திருக்கவில்லை. சுவரைக் காப்பாற்றத்தான் நினைத்தது.

இப்போது உங்கள் தாய்மார்களின் கதைக்கு வருகிறேன். மான்டிசோரியும் முதலில் எழுத்து கற்பிக்கும் எண்ணத்தில் இல்லை. ஆறு வயதுக்கு முன் அது கூடாது என்ற அன்றைய பொதுக் கருத்தே அவருக்கும் இருந்தது. பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தாருங்கள் என்று வந்து கேட்டவர்கள் சான் லொரென்சோவின் தாய்மார்கள்தான், அதிலும் எழுத்தறிவில்லாத தாய்மார்கள். அவர் மறுத்திருக்கலாம்; அல்லது நோட்டைக் கொடுத்து உட்காரவைத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், அட்டையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டிக் குழந்தைகளிடம் கொடுத்தார். குழந்தை அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே அந்த ஒலியைச் சொல்லும். அதற்கு முன்பே, குமிழ் வைத்த உருளைக் கட்டைகளைத் துளைகளில் பொருத்தும்போது மூன்று விரல்களும் பென்சில் பிடிக்கப் பழகியிருந்தன. வடிவச் சட்டங்களின் ஓரமாகக் கோடு இழுத்து இழுத்து, பென்சில் விலகாமல் ஓடவும் கை பழகியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மொட்டைமாடியில் ஒரு புகைபோக்கியை வரையச் சொன்னபோது, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வரைந்து முடித்த கையோடு தரையில் 'மானோ' (கை) என்று எழுதி, "எனக்கு எழுதத் தெரிகிறது" என்று கத்தியதை அவரே பதிவு செய்திருக்கிறார். அவனுக்கு யாரும் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. எழுத்துக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ஆகவே எழுத்து கேட்பது குழந்தைமையக் கல்விக்கு எதிரான கோரிக்கை என்று நீங்கள் நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தத் தாய் கேட்டது நியாயமானது. நாலுகோட்டு நோட்டு அதற்குத் தவறான விடை, அவ்வளவுதான்.

பொருள்களின் விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உப்புத்தாள் வன்பொருள் கடையில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் அட்டையில் பசை தடவி ரவையைத் தூவுங்கள். இன்னும் சொல்லப்போனால், மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்வது நம் திண்ணைப் பள்ளிகளில் பல தலைமுறைகளாக இருந்த வழக்கம். விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைப்பது அதன் மிச்சம். எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் இல்லத்தில் புகுத்தி, மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்து, 1797இல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் 'மதராஸ் முறை' என்ற பெயரில் மணல் தட்டில் எழுதினார்கள். அங்கே அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடக்கி நடத்தும் கவாத்தாக மாறிப்போனது வேறு கதை. மணல் தட்டு நல்லதா கெட்டதா என்பது தட்டில் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

தமிழுக்கு ஒரு யோசனை. 'அ' என்ற எழுத்தில் தொடங்காதீர்கள். நான்கு வயதுக் கைக்கு அது சுழிகளும் திருப்பங்களும் உள்ள கடினமான வடிவம். 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகள்; அடுத்து 'ம'. இந்த மூன்றே எழுத்துகளில் 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று சொற்கள் கிடைத்துவிடும், புள்ளியை மட்டும் அறிமுகப்படுத்தினால் போதும். 247 எழுத்தையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவது வாரத்தில் குழந்தை வீட்டுக்குப் போய் வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் 'படம்' என்று எழுதினால், தாய்க்கு நீங்கள் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியிருக்காது.


பதில் 2: கால்வாய்க்கரை

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் நான் பக்கிங்காம் கால்வாய் ஓரக் குடிசையில் வளர்ந்தவன் என்பதால், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கறிஞர் வீட்டுக் குழந்தை 'தானாகவே' கண்டுபிடிக்கிறது என்று வியக்கிறார்கள். அந்த வீட்டில் செய்தித்தாள் கிடக்கிறது, படக்கதைப் புத்தகம் இருக்கிறது, பாட்டி கேள்வி கேட்கிறார், அப்பா ஆங்கிலத்தில் பேசுகிறார். பள்ளி சும்மா இருந்தாலும் வீடு கற்பித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீடுகளில் அம்மா காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் மாலையில்தான் திரும்புவார். எனக்குப் படிப்பு என்று கிடைத்ததெல்லாம் ஆசிரியர் வாயைத் திறந்து சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். அவர் கண்டிப்பானவர், பிரம்பும் வைத்திருந்தார், ஆனால் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எங்கள் எல்லோரையும் படிக்கவைத்துவிட்டார். 'குழந்தை விரும்பும்போது கற்கும்' என்று அவர் காத்திருந்தால் நான் இன்று இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று. ஒரு தொண்டு மையத்தில் இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளில் உதவியாக இருந்தேன். அங்கே சுதந்திரம் என்ற பெயரில் பெரியவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஒரே பிளாஸ்டிக் கட்டைகளை மாதக்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் வரும் நாளில் மட்டும் எல்லாம் அழகாக இருக்கும். ஏழைப் பிள்ளையின் காலம் விலை மதிப்புள்ளது; அதைச் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறவர்கள், பலன் உண்டு என்பதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும். அந்தத் தாய் நர்சரிக்கு மாற்றியதை அறியாமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.


பதில் 3: தாழ்ந்த கரும்பலகை

சென்னையில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கால்வாய்க்கரை தம்பி கேட்டது சரியான கேள்வி. இதே கேள்வியைப் பெற்றோர் எங்களிடம் ஒரு காலத்தில் தினமும் கேட்டார்கள்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்த திட்டம் அது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷி வேலி கல்வி மையம் கிராமப்புறப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. பிறகு மாநகராட்சியின் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும், 2007–08இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரைக்கும் விரிந்தது. முன்பருவக் கல்வி அல்ல என்றாலும், எங்களிடம் வந்த ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலர் அதற்கு முன் எந்தப் பள்ளிப் படியையும் மிதிக்காதவர்கள் என்பதால், நீங்கள் பேசும் விஷயத்துக்கு அது தொடர்புடையதே.

முறையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடம் முழுவதும் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, சின்னம் அச்சிடப்பட்டு, தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். சுவரில் 'ஏணி' தொங்கும். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று அது காட்டும். குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அட்டையை எடுத்து, அந்தச் சின்னத்துக்குரிய குழுவில் போய் அமரும். சில குழுக்களில் ஆசிரியர் முழுமையாக உடனிருப்பார், சிலவற்றில் பாதி, சிலவற்றில் உடன் படிக்கும் பிள்ளை உதவும், சிலவற்றில் தானே செய்யும், கடைசியில் மதிப்பீடு. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கரும்பலகைத் துண்டு. நாற்காலியை விட்டுவிட்டு நாங்களும் பாயில் உட்கார்ந்தோம். ஊரில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பிய குழந்தை, 'பாடம் போய்விட்டதே' என்று அழாமல் தான் விட்ட படியிலிருந்து தொடங்க முடிந்தது. கூலிவேலைக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது என்று இன்றும் நினைக்கிறேன்.

குறைகளும் இருந்தன, மறைக்க விரும்பவில்லை. நாற்பது பிள்ளைகள் இருந்தால் குழுக்களுக்கிடையே ஓடுவதிலேயே ஆசிரியரின் மூச்சு போய்விடும். ஏணியில் ஏறுவதே குறி என்றாகி, புரிந்ததா என்று பார்க்காமல் அட்டையைத் 'தள்ளிவிடும்' பழக்கமும் வந்தது. என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அட்டைகள் கிழிந்துவிடும் என்ற பயத்தில் முதல் இரண்டு மாதங்கள் நான் அவற்றைப் பீரோவில் பூட்டி வைத்து, நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்று என்னிடம் அட்டை வாங்கினார்கள். பழைய வகுப்பறையையே புதிய தட்டில் பரிமாறியிருக்கிறேன். சான் லொரென்சோவிலும் ஆசிரியை ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்து தாமதமாக வந்தபோது, பிள்ளைகள் தாங்களே பொருள்களை எடுத்து வேலையில் அமர்ந்திருந்ததைப் பார்த்துத்தான் மான்டிசோரி பூட்டை நீக்கினார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பெற்றோர் விஷயத்தில் எங்களுக்கு நேர்ந்தது இதுதான். "புத்தகம் எங்கே, நோட்டு எங்கே, தரையில உக்காந்து சீட்டாடுற மாதிரி இருக்கே" என்று கேட்டவர்களுக்கு முதலில் கூட்டம் போட்டு விளக்கினோம். ஒருவரும் நம்பவில்லை. பிறகு வகுப்பு நடக்கும்போதே வந்து பின்னால் உட்காரச் சொன்னோம். தன் மகள் இன்னொரு பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதைக் கண்ட ஒரு பூக்காரம்மா, மறுநாள் தன் வரிசையில் கடை போடும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். தம்பிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: பிரம்போடு படிக்கவைத்த ஆசிரியரால் படித்தவர்கள்தான் இங்கே வந்து எழுதுகிறார்கள். பிரம்புக்குப் பயந்து கால்வாய்ப் பக்கம் ஓடியவர்கள் எழுத வரவில்லை.


பதில் 4: உருளைக்கட்டை

கால்வாய்க்கரை அவர்களே, நீங்கள் ஆதாரம் கேட்பதில் தவறே இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ஓர் அரசு மான்டிசோரிப் பள்ளியில் இடம் குலுக்கல் முறையில் கிடைத்தது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஏஞ்சலின் லிலார்டும் நிக்கோல் எல்ஸ்-க்வெஸ்டும் 2006இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். குலுக்கல் என்பதுதான் இதில் முக்கியம்: இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் அந்தப் பள்ளியை விரும்பி விண்ணப்பித்த பெற்றோரே என்பதால், 'அக்கறையுள்ள வீட்டுப் பிள்ளை எங்கே போனாலும் படிக்கும்' என்று ஒதுக்கிவிட முடியாது. ஐந்து வயதில் எழுத்தையும் சொல்லையும் அடையாளம் காண்பதிலும் கணக்கிலும், சண்டை வந்தால் பேசித் தீர்ப்பதிலும் மான்டிசோரிப் பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். அதே நாட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 141 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், ஏழைக் குழந்தைகளுக்கும் வசதியான குழந்தைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி மான்டிசோரி வகுப்புகளில் காலப்போக்கில் குறைந்தது தெரியவந்தது. இரண்டும் நம் ஊர் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது, அமெரிக்காவின் இப்சிலாண்டி ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளி. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் ஒரு பகுதியினரை மட்டும் சேர்த்து, இரு பகுதியினரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். சேர்க்கப்பட்டவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் முதலில் உயர்ந்து, சில ஆண்டுகளில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பள்ளியை முடித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், சிறைக்குப் போகாதவர்கள் என்று பார்த்தபோது வேறுபாடு பெரியவர்களான பிறகும் நிலைத்து நின்றது. அங்கே குழந்தை என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, செய்து, பிறகு செய்ததைப் பற்றிப் பேசும். ஆசிரியர்கள் வாரந்தோறும் ஒருமுறை வீட்டுக்குப் போய்த் தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டு வருகையை நீக்கிவிட்டு மீதியை மட்டும் நகல் எடுத்தால் அதே பலன் வருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த மையத்தைப் பற்றி நீங்கள் எழுதியது வேதனையானது. ஆனால் அது குழந்தைமையக் கல்வி ஆகாது. இந்த முறையில் ஆசிரியருக்கு வேலை கூடுகிறது. ஒவ்வொரு பொருளையும் எப்படிக் கையாள்வது என்று தனித்தனியே காட்ட வேண்டும். எந்தக் குழந்தை எதில் தடுமாறியது என்று மாலையில் குறிக்க வேண்டும். ஒரே கட்டையை மாதக்கணக்கில் உருட்டும் குழந்தைக்கு அடுத்ததைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வீட்டில் சொல்வளம் கிடைக்காத குழந்தைக்கு மையத்தில் அதைக் கொடுக்கத்தான் வேண்டும், வாயைத் திறந்தே கொடுக்க வேண்டும். அதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். 'இது குவளை, இது மூக்குக் குவளை, இது தளும்புகிறது' என்று பெயர் சொல்லிக்கொடுப்பதும் கற்பித்தல்தானே.


தூரிகை

அனைவருக்கும் நன்றி. கால்வாய்க்கரை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் அலமாரியை மாலையில் ஒருமுறை பார்த்தேன். ஏப்ரலில் வைத்த பொருள்களில் பாதி இன்னும் அப்படியே இருக்கின்றன, வெட்கமாக இருந்தது. எழுத்து விஷயத்தில் தெளிவு கிடைத்துவிட்டது. ஆனால் எதிர்த்தெரு நர்சரி தருவது எழுத்து மட்டும் அல்ல, ஆங்கிலமும்கூட. அதற்கு என்ன செய்வது? வீடு வீடாகப் போவதற்கும் தயங்குகிறேன். இரவு எட்டு மணிக்கு வந்து சமைக்கும் பெண்ணின் வீட்டில் போய் எப்படி உட்காருவது?


பதில் 5: சத்துமாவு

அங்கன்வாடிப் பணியாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருக்கிறேன். என் மையமும் இப்படியொரு பகுதியில்தான் உள்ளது. பெரிய ஆய்வுகள் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன், அக்கா.

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். 2019இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். பெற்றோரின் விருப்பம் எந்தப் பக்கம் போகிறது என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். அதைப் பெற்றோரிடம் சொன்னால் அந்தப் பெயரிலேயே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். நான் என்ன செய்வேன் என்றால், தமிழில் கதை சொல்லி முடித்த பிறகு அதே கதையில் வரும் விலங்கு, பழம், நிறம், உடலுறுப்பு இவற்றை ஆங்கிலத்தில் பாட்டாகவும் செய்கையாகவும் சொல்லிக்கொடுப்பேன். 'கம், சிட், கிவ், வாஷ்' என்று அன்றாட வேலைச் சொற்களை அந்த வேலையைச் செய்யும்போதே சொல்வேன். காதும் வாயும் ஆங்கிலத்துக்குப் பழகினால் போதும். எழுதுவதை முதலில் தமிழில் பிடித்துக்கொள்ளட்டும். நான் பார்த்தவரை தமிழில் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஆங்கில எழுத்தை ஒன்றாம் வகுப்பில் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது வயிறும் தூக்கமும். எங்கள் மையத்தில் காலையில் வெறும் டீயோடு வந்த குழந்தைக்குப் பத்தரை மணிக்கு எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அது மற்றொரு பிள்ளையைக் கடிக்கும். சத்துமாவு உருண்டை சாப்பிட்டபின் அதே குழந்தை அரைமணி நேரம் மணி கோப்பதைப் பார்த்திருக்கிறேன். குறும்பு என்றும் கவனக்குறைவு என்றும் நாம் எழுதி வைப்பதில் பாதி பசி. உங்கள் மையம் தனியார் முயற்சி என்பதால் முட்டையும் மதிய உணவும் உங்களுக்கு வராது. பக்கத்து அங்கன்வாடியில் குழந்தைகளின் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள், எடையும் உயரமும் அங்கே பார்த்துக்கொள்வார்கள். நேரத்தையும் யோசியுங்கள். பன்னிரண்டரைக்கு மூடிவிட்டால் வீட்டுவேலைக்குப் போகும் தாய்க்கு நீங்கள் எவ்வளவு நல்ல கல்வி கொடுத்தும் உதவாது. உங்களிடமிருந்து நின்ற ஏழு பேரில் எத்தனை பேர் எழுத்துக்காகப் போனார்கள், எத்தனை பேர் நர்சரி மூன்றரை மணி வரை வைத்துக்கொள்வதால் போனார்கள் என்று விசாரித்தீர்களா? என் மையத்தில் அப்படி விசாரித்தபோது நான் நினைத்த காரணத்தைச் சொன்னவர் ஒருவர்தான்.

வீட்டுக்குப் போவதைப் பற்றி. இரவில் போகாதீர்கள். அவர்கள் வீட்டில் நாற்காலி இல்லையே, டீ கொடுக்க வேண்டுமே என்று கூசுவார்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குடத்தோடு வரிசையில் நிற்பார்களே, அங்கே போய் நில்லுங்கள்; அரைமணி நேரம் யாரும் எங்கேயும் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியும் நல்ல இடம். குறையைச் சொல்லாமல், அன்று குழந்தை செய்த ஒன்றைச் சொல்லுங்கள்: 'இன்னைக்குத் தண்ணிய ஒரு சொட்டுகூடச் சிந்தாம ஊத்தினான்' என்றால் போதும், மற்ற பெண்கள் தங்கள் பிள்ளையைப் பற்றி அவர்களாகவே கேட்பார்கள்.

ரவை ஒட்டிய எழுத்துகளைச் செய்யும் வேலையை நீங்கள் மூவரே முடித்துவிடாதீர்கள். தாய்மார்களைக் கூப்பிட்டு அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு நாங்கள் அப்படிச் செய்தபோது, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் ஒரு பெண் 'ட'வும் 'ப'வும் ஒட்டி முடித்துவிட்டு, பசை காயும் முன்பே அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அவர் மகன் அந்த அட்டையைத்தான் எடுத்தான்; வேறு யாரையும் தொடவிடவில்லை. இரண்டு பேருக்குமாக இன்னொரு 'ப' செய்ய வேண்டியதாயிற்று.